சிறகின் முதுகுப்பக்கம்

ஆம்பூரில் ஐம்பது வருடமாகத் தோல் தரம் பிரித்துவரும் பெரியவர் ஒருவரிடம் என் பொக்கிஷத்தை நீட்டினேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு தோல் சின்னம். சிறகு விரித்த புலி, அடியில் ஆங்கில எழுத்துகள், பின்னால் துருப்பிடித்த ஊக்கு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானி ஒருவரின் ஜாக்கெட்டில் இருந்தது என்று சொல்லி எனக்கு விற்றிருந்தார்கள். விலையைச் சொன்னால் வீட்டில் பிரச்சினை.

பெரியவர் புலியைப் பார்க்கவே இல்லை. சட்டென்று திருப்பினார். ஓரத்தை மடக்கி வெட்டுவாயைப் பார்த்தார், முகர்ந்தார், ஊக்கு பட்ட இடத்தை நகத்தால் சுரண்டினார். மொத்தம் அரை நிமிடம்.

“முன்னாடி இன்னா போட்டிருக்குன்னு எனக்குத் தெரியாது தம்பி. ஆனா இது பட்டைத் தோலு இல்ல. ஆணி துரு இறங்கின எடம் செம்பட்டையாத்தான் இருக்குது. பட்டைத் தோலா இருந்தா கரியாட்டம் கறுத்திருக்கும்.”

விமானப்படைச் சின்னங்களைப் பற்றி நான் புரட்டிய பக்கங்கள் எல்லாம் கிரீடத்தையும் எழுத்துகளையும் சிறகின் இறகுகளையும் எண்ணச் சொல்லியிருந்தன. ஊக்கின் துருவைப் பார் என்று இவர்தான் சொன்னார். அந்தத் துரு ஏன் கறுக்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ள இரண்டு பயணங்களைப் பின்தொடர வேண்டும். ஒன்று தோலுடையது, மற்றது சிறகுடையது. தோல்தான் முதலில் கிளம்பியது.

பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று வரிசையாக டேனரிகள் முளைப்பதற்கு முன்பே இந்தப் பக்கத்துக் கரட்டு நிலமெல்லாம் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது ஆவாரை. அதன் பட்டையில் ஊறிய தோல் மெத்தென்று, இளமஞ்சளாக, பார்க்கவே அழகாக வரும். ஒரே குறை, வெயில் பட்டால் சிவந்துவிடும். 1840களில் சென்னையில் தொழில் செய்த சார்லஸ் டி சூசா என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலைக் கடைசியாகக் கடுக்காய்த் தண்ணீரில் ஒரு முழுக்கு. அவ்வளவுதான், நிறம் நின்றது. லண்டன் சந்தையில் ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ என்ற பெயரில் நம் ஊர்த் தோல் ஏலம் போனதற்கு அந்தக் கடைசி முழுக்கும் ஒரு காரணம்.

கடுக்காய்க்கு இன்னொரு தொழிலும் உண்டு. பழைய கணக்குப்பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். கடுக்காயை ஊறவைத்து அன்னபேதியைச் சேர்த்தால் மை. அன்னபேதி இரும்பின் உப்பு. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு பிறக்கும். அதே துவர்ப்புதான் பட்டைத் தோலின் நரம்பெல்லாம் ஏறியிருக்கிறது. எனவே பட்டைத் தோலில் ஓர் இரும்பு ஊக்கைக் குத்தி எண்பது வருடம் விட்டுவைத்தால், மழைக்காலத்து ஈரத்தில் துரு கசிந்து, அந்த இடத்தில் தானாகவே மை ஊறிவிடும். என் புலியின் முதுகில் அந்த மை இல்லை.

அப்படியானால் என்ன தோல்? குரோம். அதன் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1884இல் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் என்பவர் குரோமிய உப்பால் தோல் பதனிடக் காப்புரிமை பெற்றார். மாதக்கணக்கில் குழியில் ஊறிய வேலை சில நாட்களில் முடிந்தது. பிலடெல்பியாவின் ராபர்ட் ஃபோர்டரர் அந்த முறையில் ஆட்டுத்தோலைப் பளபளக்க வைத்து ‘விசி கிட்’ என்று பெயர் சூட்டி விற்றுப் பணக்காரரானார். அமெரிக்கச் சீமாட்டிகளின் காலணிக்காக இந்தியாவிலிருந்து பச்சை ஆட்டுத்தோல்கள் கப்பல் கப்பலாகப் போயின.

குரோம் நம் ஊருக்கு வந்தது இன்னும் வேடிக்கை. 1903இல் சென்னை கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் குரோம் சோதனைகளைத் தொடங்கியபோது அவர் கண்ணில் இருந்தது செருப்பும் இல்லை, சேணமும் இல்லை. கவலை! கிணற்றிலிருந்து மாடு கட்டி நீர் இறைக்கும் தோல் சால். பட்டைத் தோல் சால் தண்ணீரிலேயே கிடந்து சீக்கிரம் அழுகும், குரோம் தோல் தாங்கும். அரசாங்கமே தொழில் நடத்துவதா என்று தனியார் முதலாளிகள் முணுமுணுக்க, சில ஆண்டுகளில் சாட்டர்டனின் முயற்சியை அரசு கைவிட்டது. ஆனால் குரோம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

தோல் இப்படி இரண்டு வேடத்தில் தயாராக நின்ற நேரத்தில்தான் சிறகு பிறந்தது. 1913ஆம் ஆண்டு உலகின் ராணுவங்களுக்கு ஒரே சிந்தனை போலும். ஜனவரி 27இல், தன் பிறந்தநாளன்று, ஜெர்மன் கைசர் விமானிகளுக்கு உலோகச் சின்னம் ஒன்றை ஏற்படுத்தினார். நீள்வட்ட மாலைக்குள் ஒரு விமானம் பறக்கும். பிப்ரவரியில் பிரிட்டனின் ராயல் ஃப்ளையிங் கோர் துணியில் தைத்த சிறகைக் கொண்டுவந்தது. மே மாதத்தில் அமெரிக்கா தன் பங்குக்குக் அடியில் கழுகு தொங்கும் ஒரு தங்கப் பட்டையை அறிவித்தது.

மூன்றில் ஜெயித்தது பிரிட்டிஷ் சிறகு. டேவிட் ஹெண்டர்சன், ஃபிரெடரிக் சைக்ஸ் என்ற இரண்டு அதிகாரிகள் வடிவமைத்ததாகச் சொல்வார்கள். நடுவில் இலைமாலைக்குள் படையின் எழுத்துகள், மேலே கிரீடம், இருபுறமும் உழவாரன் குருவியின் சிறகு. தூரத்திலிருந்து பார்த்தாலே ‘இவன் பறப்பவன்’ என்று தெரிந்துவிடும். 1915இல் உடன் பறக்கும் நோக்கருக்கு ஒற்றைச் சிறகு கொடுத்தார்கள். 1917இல் அமெரிக்கர்களும் கழுகுப் பட்டையைக் கழற்றிவைத்துவிட்டுச் சிறகுக்கு மாறினார்கள். சின்னங்களின் உலகில் முதல் காப்பியடிப்பைச் செய்தவை அரசாங்கங்கள்தான்.

1918 ஏப்ரல் 1ஆம் தேதி ராயல் ஃப்ளையிங் கோர் ராயல் ஏர் ஃபோர்ஸ் ஆனது. சிறகின் நடுவே எழுத்துகள் மாறின. அந்த மாற்றத்தின் இருபுறமும் இந்தியர்கள் இருந்தார்கள். தலைப்பாகைக்கு மேல் அணியப் பெரிய தலைக்கவசம் செய்துகொண்டு பறந்த ஹர்தித் சிங் மாலிக். 1918 ஜூலையில் இரண்டு வாரத்துக்குள் பத்து வெற்றிகளைப் பெற்று, 22ஆம் தேதி வானிலேயே உயிரை விட்ட இந்திர லால் ராய்.

வேலூர்ப் பக்கத்தின் பங்கு அப்போது தரையில் நடந்தது. நகரின் மணிக்கூண்டில் உள்ள கல்வெட்டு, முதல் உலகப் போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனதையும் அவர்களில் 14 பேர் இறந்ததையும் பதிவு செய்கிறது. ஆட்களோடு தோலும் போனது. பிரிட்டிஷ் படைவீரரின் பூட்ஸ் மேல்தோலுக்கு நம் கிப்ஸ் அவ்வளவு தேவைப்பட்டதால் போர்க்காலத்தில் அரசே அந்த வியாபாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. ஆவாரம்பட்டை போதாமல் போனது. தென்னாப்பிரிக்காவின் வாட்டில் பட்டை துறைமுகம் வந்து இறங்கியது. இன்றும் பட்டைத் தோல் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி வாட்டில் சாற்றில் பதனிட்டதுதான்.

அடுத்த நிறுத்தம் கராச்சி. 1932 அக்டோபர் 8இல் இந்திய விமானப்படை சட்டப்படி பிறந்தது. 1933 ஏப்ரல் 1இல் ட்ரிக் ரோடு தளத்தில் நான்கு வாபிட்டி விமானங்களோடு முதல் அணி தொடங்கியது. 1945 மார்ச்சில் போர்ச் சேவைக்குப் பரிசாகப் பெயருக்கு முன்னால் ‘ராயல்’ சேர்ந்தது. 1950 ஜனவரி 26இல் அது உதிர்ந்தது. கிரீடம் இருந்த இடங்களில் அசோகரின் சிங்கங்கள் ஏறின. காலம் கணிப்பவருக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது. ‘ராயல்’ எழுத்தோடு இந்திய விமானப்படைப் பொருள் ஒன்று கிடைத்தால், அது ஐந்து ஆண்டுக்குள் அடங்கிவிடும்.

கிரீடத்தை வைத்துக் காலம் சொல்வதும் இப்படித்தான். 1953 வரை மன்னர் கிரீடம், இரண்டாம் எலிசபெத் முடிசூடிய பின் ராணி கிரீடம். மேல்வளைவு உருண்டு இருந்தால் பழசு, நடுவில் குழிந்திருந்தால் புதுசு என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். எழுபது வருடம் ஓடிய அந்த எளிய விதியை 2022இல் மூன்றாம் சார்லஸ் கெடுத்துவிட்டார். தன் சின்னத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது பழைய ட்யூடர் கிரீடத்தின் சாயல். இப்போது புத்தம்புதுச் சின்னமும் பாட்டன் காலத்து முகத்தோடு வருகிறது. முன்பக்கத்தை மட்டும் நம்பியவர்களுக்கு இது கெட்ட காலம்.

நம் புலிக்கு வருவோம். 1931இல் அமெரிக்கப் படை ‘ஏ-2’ என்ற தோல் ஜாக்கெட்டை ஏற்றுக்கொண்டது. குதிரைத் தோல், பிறகு ஆட்டுத்தோல், மாட்டுத்தோல். அதன் மார்பு ஓவியம் தீட்டாத திரைச்சீலை போலக் காலியாக இருந்தது. ஒவ்வோர் அணியும் தனக்கென ஒரு படம் வேண்டும் என்றது. வால்ட் டிஸ்னியின் கூடம் போர்க்காலத்தில் ஏறக்குறைய 1,200 அணிச் சின்னங்களை வரைந்து கொடுத்தது. சீனாவுக்காகப் பறந்த ‘ஃப்ளையிங் டைகர்ஸ்’ அணியின் சிறகு முளைத்த புலியும் அங்கே பிறந்ததுதான். மிக்கி மவுஸ் வரைந்த கைகள் போர்முனைக்குப் புலி வரைந்து அனுப்பின.

1942இலிருந்து சீனா-பர்மா-இந்தியப் போர்முனைக்காக அமெரிக்கர்கள் கல்கத்தாவிலும் அசாமிலும் குவிந்தார்கள். சொந்த நாட்டிலிருந்து சின்னம் வந்து சேரக் கடல் தாண்டிப் பல மாதங்கள் ஆகும். கடைத்தெருவில் தையற்காரர் நாளைக்கே தருகிறேன் என்றார். ஜரிகை வேலை தெரிந்த கைகள் வெள்ளிக் கம்பியில் விமானிச் சிறகுகளைத் தைத்தன. தோல் வேலை தெரிந்தவர்கள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு துண்டு வெட்டி, ஓரத்தைச் சீவி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்தார்கள். ‘இவர் நமக்காகப் போரிட வந்தவர், காப்பாற்றுங்கள்’ என்று சீன மொழியில் எழுதி ஜாக்கெட்டின் முதுகில் தைத்துக்கொள்ளும் உயிர்ச்சீட்டையும் அவர்கள் தோலில் செய்தார்கள். எந்த லிபியும் தெரியாத கை எழுத்தையும் படமாகவே தைக்கும். அதனால் ஒரே அணியின் சின்னம் இரண்டு ஒரே மாதிரி இருக்காது. ஒன்றில் புலி சிரிக்கும், மற்றதில் பூனையாகிவிடும். இன்று சேகரிப்பாளர்கள் ‘போர்முனைத் தயாரிப்பு’ என்று தலையில் வைத்துக் கொண்டாடுவது இந்தக் கோணல்களைத்தான்.

போர் முடிந்தது. சின்னங்கள் அமெரிக்கப் பரண்களுக்குப் போயின. கைவினைஞர்கள் இங்கேயே இருந்தார்கள். நாடு பிரிந்த பின் சியால்கோட் ஒருபுறம், வாரணாசி மறுபுறம், இரு நகரங்களும் உலகின் படைகளுக்கும் சங்கங்களுக்கும் ஜரிகைச் சின்னம் தைத்துக் கொடுத்தன, இன்றும் கொடுக்கின்றன. சிக்கல் இங்கேதான் முளைக்கிறது. 1944இல் அசலைத் தைத்ததும் 1994இல் நகலைத் தைத்ததும் ஒரே கைப்பழக்கம். தையலின் அழகை வைத்து எது எது என்று எப்படிச் சொல்வது? அமெரிக்காவில் இன்னும் மோசம். பழைய அச்சுகளை எடுத்து அதே தயாரிப்பாளரே உலோகச் சிறகுகளை மறுபடி அடித்ததுண்டு. அசல் அச்சு, அசல் நிறுவனம், பொருள் மட்டும் புதுசு.

பிறகு சினிமா வந்தது. 1986இல் ‘டாப் கன்’ ஓடியது. சின்னம் ஒட்டிய விமானி ஜாக்கெட் கல்லூரிப் பையன்களின் கனவானது. 1988இல் அமெரிக்க விமானப்படையே ‘ஏ-2’ ஜாக்கெட்டுக்கு மறுவாழ்வு கொடுத்தது. கடைகளில் உயிர்ச்சீட்டு தைத்த ஜாக்கெட்டுகள் குவிந்தன. அவற்றை விற்றவர்கள் பெரும்பாலும் யாரையும் ஏமாற்றவில்லை, ஃபேஷன் என்று சொல்லித்தான் விற்றார்கள். பத்து வருடம் போட்டுக் கசங்கி, கை மாறி, சின்னம் மட்டும் தனியாகப் பிரிந்த பிறகு, நடுவில் யாரோ ஒருவர் ‘போர்க்காலத்தது’ என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துவிடுகிறார். தேநீர்ச் சாயமும் உப்புத்தாளும் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன.

இதே காலத்தில் பாலாற்றங்கரையும் மாறிவிட்டிருந்தது. 1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு போட்டது. முடித்த தோலாகவும் காலணியாகவும் அனுப்பு என்றது. குழிகளின் இடத்தில் டிரம்கள் சுழன்றன. நீலம் பாரித்த ‘வெட் ப்ளூ’ தோல் அடுக்கடுக்காக நின்றது. ஆம்பூர் ஷூ ஊரானது. தோலின் மேல் ஏறும் பூச்சும் மாறியது. பழைய கேசீன், நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுகளோடு 1960களுக்குப் பிறகு பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் சட்டையும் வந்து சேர்ந்தது.

ஆக, சின்னத்தின் வயதைப் பார்க்க இந்த ஊர் எனக்குக் கற்றுக்கொடுத்த வரிசை இது. முதலில் திருப்பு. வெட்டுவாயைப் பார். பட்டைத் தோல் உள்ளுக்குள்ளும் பழுப்பு. சாயம் முழுக்க இறங்காத குரோம் தோலின் நடுவே சாம்பல் நீலமாக ஒரு கோடு ஓடும். ஓரம் சீவியிருப்பதைப் பார். கையால் சீவினால் மேடு பள்ளம் இருக்கும், மெஷின் சீவல் ஒரே சீராக ஓடும். தேய்மானம் எங்கே இருக்கிறது? உண்மையில் அணிந்தது மேடான இடத்தில் தேயும், பள்ளத்தில் அழுக்கு தங்கும். உப்புத்தாளுக்கு மேடு பள்ளம் தெரியாது. கொதிநீர்ச் சோதனை டேனரிக்கு உரியது. துண்டுத் தோலைக் கொதிக்கும் நீரில் போட்டால் பட்டைத் தோல் சுருண்டுவிடும், நன்றாகப் பதனிட்ட குரோம் அசையாது. சின்னத்தை யாரும் வேகவைக்கப் போவதில்லை என்பதால் அதை மறந்துவிடலாம்.

பிறகு நூல். பாலியஸ்டர் 1941இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. போர்க்காலக் கல்கத்தாத் தையற்காரரின் ஊசியில் அது ஏறியிருக்க வழியில்லை. ஓர் இழையை நெருப்பில் காட்டினால் பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும். புறஊதா விளக்கைக் காட்டினால் பிற்கால நூல் நீல வெள்ளையாக ஒளிரும். வெளுப்புக்காகச் சேர்க்கும் பொருளின் வேலை அது. ஆனால் இங்கே ஒரு பள்ளம் உண்டு. நம் வீடுகளில் வேட்டிக்கு டினோபால் போட்டவர்கள் நாம். அதுவும் அதே வகைப் பொருள்தான். மிலிட்டரித் தாத்தாவின் சட்டையோடு அசல் துணிச் சின்னத்தையும் பாட்டி டினோபாலில் அலசி எடுத்திருந்தால், அதுவும் ஜொலிக்கும். ஜொலிப்பதை வைத்து மட்டும் போலி என்று தீர்ப்பு எழுதக் கூடாது.

அப்படியே குரோம் என்பதாலும் எழுதக் கூடாது. போர்க்காலத்திலும் குரோம் தோல் புழக்கத்தில் இருந்தது. ஒரு சாட்சி போதாது. தோல், பூச்சு, நூல், ஊக்கு எல்லாம் ஒரே ஆண்டைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சண்டை வந்தால் இருப்பதிலேயே இளையதன் வயதுதான் சின்னத்தின் வயது.

இதற்கெல்லாம் ஆய்வுக்கூடத்தில் இன்னொரு வழியும் உண்டு. பூஞ்சை பிடிக்காமல் இருக்கத் தோலில் பிசிபி என்ற வேதிப்பொருளைச் சேர்த்துவந்தார்கள். 1989 டிசம்பரில் ஜெர்மனி அதைத் தடை செய்தது. ஏற்றுமதியை நம்பியிருந்த தமிழ்நாட்டு டேனரிகள் பதறிப்போய் மாற்று தேடின. அன்று தலைவலியாக இருந்த அந்தத் தடை இன்று காலக்கோடாகப் பயன்படுகிறது. பிசிபி நன்றாகவே இருக்கும் தோல், பெரும்பாலும் அந்தத் தலைவலிக்கு முந்தையது.

பெரியவர் என் புலியை மேசையில் வைத்தார். பூச்சின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். மெல்லிய சவ்வாக உரிந்தது.

“நான் சின்னப் பையனா இருந்தப்ப இந்தப் பூச்சு இல்ல தம்பி. கல்யாணம் ஆனப்புறம் வந்த வேலை இது.”

“எந்த வருஷம் பாய் கல்யாணம்?”

“எழுபத்தொம்போது.”

இத்தனை நூல்களும் விளக்குகளும் தராத தேதியை ஒரு கல்யாணம் தந்துவிட்டது. நூலைக் கொளுத்திப் பார்த்தோம். உருகி மணியானது.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், அரக்கோணத்தில், 1992இல் தொடங்கிய ஐ.என்.எஸ். ராஜாளி இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளம் இருந்த இடம். கடற்படையின் ஹெலிகாப்டர் விமானிகள் பயிற்சி முடித்து மார்பில் தங்கச் சிறகு பெறுவது அங்கேதான். 1913இல் லண்டனில் கிளம்பிய உழவாரன் குருவி எங்கெங்கோ சுற்றி, கடைசியில் ஆவாரை பூக்கும் ஊருக்குப் பக்கத்திலேயே இறங்கியிருக்கிறது. அந்தச் சிறகுகளுக்கும் ஒருநாள் வயது பார்க்க ஆள் வருவார்கள்.

என் புலியை நான் தூக்கி எறியவில்லை. சின்னதாக ஒரு சீட்டு எழுதி அதன் முதுகில் நூலால் கட்டிவைத்தேன்: குரோம் தோல், பாலியஸ்டர் நூல், பாலியூரித்தேன் பூச்சு, போர்க்காலம் அன்று, பாய் கல்யாணத்துக்குப் பிந்தையது.